வாக்கெடுப்பே இல்லாமல் ஓடும் முக்கால் பட்ஜெட்: அமெரிக்கக் கடன் ஏன் குறைவதில்லை

ஆண்டுச் செலவுக்கான ஒதுக்கீடு நிறைவேறாததால் 2025 அக்டோபர் 1ஆம் தேதி முடங்கிய அமெரிக்க மத்திய அரசுக்கு, 43 நாள் கழித்து நவம்பர் 12 இரவுதான் மீண்டும் இயங்க வழி பிறந்தது. அதற்கு முந்தைய மிக நீண்ட முடக்கம் 2018-19இல் நடந்தது. அது 35 நாள். இந்த முறை விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் ஊழியர்கள் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார்கள். 40 பெரிய விமான நிலையங்களில் விமானங்களின் எண்ணிக்கையை அரசே குறைத்தது. ஏறத்தாழ 4.2 கோடிப் பேர் நம்பியிருக்கும் உணவு உதவித்தொகை நவம்பரில் தடைபட்டது. இவ்வளவுக்கும் பிறகு கஜானாவில் மிச்சமானது எதுவுமில்லை. வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஊழியர்களுக்கும் அந்த நாட்களின் சம்பளத்தைப் பின்னர் முழுதாகக் கொடுத்தாக வேண்டும் என்கிறது 2019ஆம் ஆண்டுச் சட்டம். ஆறு வார முடக்கம் நீடித்தால் 1,100 கோடி டாலர் அளவுக்கு உற்பத்தி திரும்ப வராமலே போகும் என்று கட்சி சாராத நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் அக்டோபர் இறுதியில் கணித்தது.

அரசின் செலவு அடங்க வேண்டும், கடனைப் பேரப்பிள்ளைகள் தலையில் கட்டக் கூடாது என்று நினைக்கும் கன்சர்வேடிவ் தரப்பில் நின்றுதான் இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. அந்தத் தரப்பில் நிற்பவர்களுக்குத்தான் இந்த முடக்கம் அதிகக் கோபத்தைத் தர வேண்டும். சண்டை நடந்த இடம் ஒன்று. பணம் போகும் இடம் வேறு.

கணக்கைப் பார்ப்போம். 2024 நிதியாண்டில் அமெரிக்க மத்திய அரசின் மொத்தச் செலவு சுமார் 6.75 லட்சம் கோடி டாலர். வருவாய் 4.92 லட்சம் கோடி. பற்றாக்குறை 1.83 லட்சம் கோடி. இந்தச் செலவில் ஆண்டுதோறும் நாடாளுமன்றம் உட்கார்ந்து, வாக்களித்து ஒதுக்கும் பகுதி ஏறத்தாழ 1.8 லட்சம் கோடி மட்டுமே. ராணுவம், எல்லைக் காவல், நாசா, நீதிமன்றங்கள், தேசியப் பூங்காக்கள், வெளிநாட்டு உதவி எல்லாம் அதற்குள் அடங்கும். அதில் ராணுவமே பாதிக்குச் சற்றுக் குறைவு. மீதி 4.1 லட்சம் கோடி, என்றோ இயற்றிய சட்டங்களின்படி தானாகவே போகும் பணம். முதியோர் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டி, 65 வயது கடந்தோருக்கான மெடிகேர், ஏழைகளுக்கான மெடிகெய்ட் ஆகிய மூன்றும் அதில் பெரியவை. தகுதி உள்ளவர் விண்ணப்பித்தால் பணம் கொடுத்தே ஆக வேண்டும். எந்த ஆண்டும் யாரும் கை தூக்கத் தேவையில்லை. இன்னொரு 88,000 கோடி டாலர் வட்டி. அதற்கும் வாக்கெடுப்பு இல்லை.

1960களின் தொடக்கத்தில் நிலைமை தலைகீழாக இருந்தது. அப்போது செலவில் மூன்றில் இரண்டு பங்கு ஆண்டுதோறும் வாக்கெடுப்புக்கு வந்தது. இன்று கால் பங்குக்கு மேல் கொஞ்சம்தான் வருகிறது. கட்டுப்பாடான அரசு என்று மேடைதோறும் பேசும் குடியரசுக் கட்சி, அந்தக் கால் பங்குக்குள் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு போராடிவிட்டு, முக்கால் பங்கைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுகிறது.

வட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2024இல் அமெரிக்கா கட்டிய நிகர வட்டி, ராணுவச் செலவைத் தாண்டியது. 2020-21இல் வட்டி விகிதம் தரைமட்டத்தில் இருந்தபோது, கடன் எவ்வளவு ஏறினாலும் கவலையில்லை என்று பொருளியல் பேராசிரியர்கள் பலர் சொன்னார்கள். அவர்கள் விட்ட இடம் இதுதான்: அமெரிக்காவின் கடன் பத்திரங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஓராண்டுக்குள் முதிர்ந்துவிடும். முதிர்ந்ததை அடைக்கப் பணம் கிடையாது, அதனால் புதுப் பத்திரம் விற்று மாற்ற வேண்டும். புதுப் பத்திரத்துக்கு இன்றைய வட்டி. 2024 நிதியாண்டின் முடிவில் அரசுக்கு வெளியே உள்ளவர்களிடம் வாங்கியிருந்த கடன் சுமார் 28 லட்சம் கோடி டாலர். சராசரி வட்டி ஒரே ஒரு சதவீதப் புள்ளி ஏறினால், பத்திரங்கள் மாறி முடியும்போது ஆண்டுக்கு 28,000 கோடி டாலர் கூடுதல் சுமை. செய்திகளில் வரும் 38 லட்சம் கோடி என்ற எண், அரசு தன் சொந்த நிதியங்களுக்குத் தர வேண்டியதையும் சேர்த்த மொத்தம். 2025 அக்டோபரில் அந்த அளவைத் தொட்டது. கடன் தரமதிப்பீட்டு நிறுவனங்கள் மூன்றுமே அமெரிக்காவை உச்ச மதிப்பீட்டிலிருந்து இறக்கிவிட்டன: ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் 2011 ஆகஸ்டில், ஃபிட்ச் 2023 ஆகஸ்டில், மூடிஸ் 2025 மே மாதத்தில்.

எழுதிவைத்த அட்டவணையும் நடைமுறையும்

1974ஆம் ஆண்டு பட்ஜெட் சட்டத்தில் தேதிகள் தெளிவாகவே உள்ளன. பிப்ரவரி முதல் திங்களன்று அதிபர் தன் பட்ஜெட் முன்மொழிவை அனுப்ப வேண்டும். ஏப்ரல் 15க்குள் இரு அவைகளும் ஒரு பட்ஜெட் தீர்மானத்தில் உடன்பட வேண்டும். அதில் மொத்த வரவு, மொத்தச் செலவு, துறைவாரி வரம்பு இருக்கும். அதன்பின் 12 ஒதுக்கீட்டு மசோதாக்கள், 12 துணைக்குழுக்கள் வழியாக வர வேண்டும். ஜூன் 30க்குள் பிரதிநிதிகள் அவை முடித்துவிட வேண்டும். அக்டோபர் 1 புது நிதியாண்டு.

இந்தச் சட்டம் வந்த பின் ஒதுக்கீட்டு மசோதாக்கள் எல்லாம் குறித்த நேரத்தில் நிறைவேறியது நான்கே நிதியாண்டுகளுக்கு: 1977, 1989, 1995, 1997. மற்ற ஆண்டுகளில் பழைய அளவிலேயே செலவைத் தொடர அனுமதிக்கும் தற்காலிகத் தீர்மானம் ஒன்றைப் போட்டு, பிறகு கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் ஆயிரக்கணக்கான பக்கங்களில் எல்லாத் துறைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து வைப்பார்கள். உறுப்பினர்களுக்குப் படிக்க நேரம் இருக்காது. வேண்டாம் என்றால் அரசு முடங்கும், வேண்டும் என்றால் உள்ளே இருக்கும் எல்லாமும் நிறைவேறும். ஒரு தொகுதி உறுப்பினர் எழுந்து இந்தத் துறைக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்கும் வாய்ப்பே அந்த நடைமுறையில் இல்லை. நான்கைந்து தலைவர்கள் மூடிய அறையில் முடிவு செய்வதற்குப் பெயர் பட்ஜெட் என்றாகிவிட்டது.

இந்தியாவைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு கேள்வி வரும்: பட்ஜெட் நிறைவேறாவிட்டால் ஆட்சி கவிழ்ந்து தேர்தல் வராதா? மக்களவையில் மானியக் கோரிக்கை தோற்றால் அரசு நிலைக்காது. அமெரிக்காவில் அதிபர், பிரதிநிதிகள் அவை, செனட் மூன்றுக்கும் தனித்தனி மக்கள் ஆணை. ஒருவர் இன்னொருவரைக் கவிழ்க்க முடியாது. அதனால் முட்டுக்கட்டை விழுந்தால் விழுந்தபடியே கிடக்கும்.

முன்பெல்லாம் ஒதுக்கீடு தாமதமானால் துறைகள் சிக்கனமாக நடந்துகொண்டு வேலையைத் தொடர்ந்தன. 1980இல் அதிபர் கார்ட்டரின் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி, 1884இல் வேர்கொண்ட ஒரு பழைய சட்டத்தைக் காட்டி, ஒதுக்கீடு இல்லாத துறை கதவை மூடத்தான் வேண்டும் என்று கருத்துரை எழுதினார். உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து வரும் பணிகள் தொடரலாம் என்று அடுத்த ஆண்டு விலக்குச் சொன்னார். நாம் இன்று பார்க்கும் முடக்கம் என்ற வழக்கமே அந்த இரண்டு கருத்துரைகளிலிருந்து பிறந்தது. அரசியலமைப்பில் அதற்கு எந்தக் கட்டளையும் இல்லை. அதனால் சட்டம் போட்டே நிறுத்திவிடலாம். ஓக்லஹோமாவின் குடியரசுக் கட்சிச் செனட்டர் ஜேம்ஸ் லாங்ஃபோர்டும் நியூ ஹாம்ப்ஷயரின் ஜனநாயகக் கட்சிச் செனட்டர் மேகி ஹாசனும் சேர்ந்து கொண்டுவந்த மசோதா இதைச் செய்கிறது: ஒதுக்கீடு நிறைவேறாவிட்டால் பழைய அளவு 14 நாளுக்குத் தானாகத் தொடரும், மறுபடி 14 நாள், மறுபடி 14 நாள், ஆனால் உறுப்பினர்கள் வாஷிங்டனை விட்டு நகர அரசுப் பணமோ தேர்தல் நிதியோ தொடக்கூடாது, வேறு மசோதாக்களையும் எடுக்கக்கூடாது. தண்டனை ஊழியருக்குப் பதிலாக உறுப்பினருக்கு. இதைவிடக் கன்சர்வேடிவான சீர்திருத்தம் இருக்க முடியாது. இன்றுவரை இது நிறைவேறவில்லை.

அரசு மொத்தம் எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற உச்சவரம்பை நீட்டி விளக்கத் தேவையில்லை. 1917இல் முதல் உலகப் போர்ப் பத்திரங்களுக்காகத் தொடங்கிய ஏற்பாடு அது. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட செலவுக்குக் கடன் வாங்கலாமா என்று பிற்பாடு கேட்பது செலவைக் குறைக்காது. 2025 ஜூலையில் அதை ஒரே வாக்கியத்தில் 5 லட்சம் கோடி உயர்த்தி 41.1 லட்சம் கோடியாக்கியதும் குடியரசுக் கட்சிப் பெரும்பான்மைதான்.

51 வாக்கின் குறுக்குவழி

செனட்டில் சாதாரண மசோதா விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்கு வரவே 60 வாக்கு வேண்டும். 100 பேர் அவையில் ஒரு கட்சிக்கு 60 கிடைப்பது அபூர்வம். இதற்கு ஒரு விலக்கு ரீகன்சிலியேஷன் என்ற நடைமுறை. பட்ஜெட் தீர்மானத்தில் கட்டளை எழுதிவிட்டால், வரி, தானாகப் போகும் செலவு, கடன் வரம்பு ஆகியவற்றை மாற்றும் மசோதாவை 20 மணி நேர விவாதத்தோடு வெறும் பெரும்பான்மையில் நிறைவேற்றலாம். பற்றாக்குறையைக் குறைக்கக் கசப்பான முடிவுகளை எளிதாக்க வேண்டும் என்பதற்காக 1974இல் வைத்த வழி இது. 1980களில் அப்படியே பயன்பட்டது.

பட்ஜெட்டுக்குச் சம்பந்தமில்லாதவற்றை இதில் திணிக்கத் தொடங்கியதும், மேற்கு வர்ஜீனியாவின் செனட்டர் ராபர்ட் பேர்ட் 1985இல் ஒரு விதி கொண்டுவந்தார். வரவு செலவை மாற்றாத பிரிவு நீங்க வேண்டும். பட்ஜெட் காலத்துக்கு அப்பால் பற்றாக்குறையைக் கூட்டும் பிரிவும் நீங்க வேண்டும். பேர்ட் விதியை ஏமாற்றத்தான் வரிக் குறைப்புகளுக்கு ஆயுள் குறிப்பது. 2017 வரிச் சட்டத்தில் தனிநபர் வருமான வரிக் குறைப்புகள் 2025 இறுதியில் காலாவதியாகும் என்று எழுதியதன் காரணம் அதுவே. அந்தக் காலாவதித் தேதியை வைத்துத்தான் அன்று செலவு குறைவாகத் தெரிந்தது.

2025இல் நடந்ததை இங்கே கவனிக்க வேண்டும். அந்தக் குறைப்புகளை நிரந்தரமாக்கும்போது, செனட் பட்ஜெட் குழுத் தலைவர் லிண்ட்சி கிரஹாம், ஏற்கெனவே நடைமுறையில் இருப்பதை நீட்டிப்பதற்குச் செலவு பூஜ்யம் என்று கணக்கு வைத்தார். 2017இல் காலாவதியாகும் என்று சொல்லி விலையைக் குறைத்துக் காட்டியாயிற்று. 2025இல் காலாவதியே இல்லை என்று சொல்லி அதே விலையை மறைத்தாயிற்று. ஜூலை 4 அன்று கையெழுத்தான அந்தச் சட்டம் பத்தாண்டில் பற்றாக்குறையை 3.4 லட்சம் கோடி டாலர் கூட்டும் என்று வழக்கமான முறையில் கணக்கிட்ட பட்ஜெட் அலுவலகம் சொன்னது. செனட்டில் 51க்கு 50, துணை அதிபர் ஜே.டி. வான்ஸின் வாக்கோடு. வரி குறைவாக இருக்க வேண்டும் என்பது சரியான கொள்கை. அதற்கு ஈடாகச் செலவைக் குறைக்காத வரிக் குறைப்பு, அதே வரியை வட்டியோடு சேர்த்து நாளைக்குத் தள்ளிவைப்பதுதான். ஜனநாயகக் கட்சி 2021 மார்ச்சில் 1.9 லட்சம் கோடி டாலர் நிவாரணச் சட்டத்தை இதே 51 வாக்கு வழியில் கொண்டுவந்தது, அதற்கும் ஈடு இல்லை. அந்தத் தவறைக் கண்டித்தவர்கள் இந்தத் தவறைக் கண்டிக்காமல் இருந்தால் கண்டனத்துக்கு மதிப்பில்லை.

இங்கே அதிகம் பேசப்படாத ஒரு தடை இருக்கிறது. சோஷியல் செக்யூரிட்டியில் ரீகன்சிலியேஷன் வழியாகக் கை வைக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆக, பட்ஜெட்டின் ஆகப் பெரிய தனித் திட்டத்துக்கு 60 வாக்கு தேவை. எந்த ஒரு கட்சியும் தனியாகச் சரிசெய்ய முடியாது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது புரியும்.

உருப்படியாக வேலை செய்த ஓர் ஏற்பாடு உண்டு. 1990இல் மூத்த புஷ் வரி உயர்த்த மாட்டேன் என்ற வாக்குறுதியை மீறி ஓர் உடன்பாடு செய்தார். அதற்கு 1992 தேர்தலில் விலை கொடுத்தார். அந்த உடன்பாட்டில் இரண்டு கட்டுகள் இருந்தன. ஆண்டு ஒதுக்கீட்டுக்கு எண்ணில் எழுதிய உச்சவரம்பு. புது வரிக் குறைப்போ, தானாகப் பணம் போகும் புது உரிமைத் திட்டமோ கொண்டுவந்தால் அதே அளவு ஈடு காட்ட வேண்டும், இல்லையேல் மற்ற செலவுகள் தானாக வெட்டப்படும். பனிப்போர் முடிந்து ராணுவச் செலவு இறங்கியதும், 1993 வரி உயர்வும், பங்குச் சந்தை ஏற்றத்தில் வரி கொட்டியதும் உதவின. 1997இல் அதிபர் கிளின்டனும் குடியரசுக் கட்சி அவைத்தலைவர் கிங்ரிச்சும் செய்த உடன்பாடும் சேர்ந்தது. 1998 முதல் 2001 வரை நான்கு ஆண்டு உபரி. 2000இல் மட்டும் ஏறத்தாழ 23,600 கோடி டாலர். உபரி வந்ததும் கட்டு சலித்துவிட்டது. 2002இல் அந்த விதிகளைக் காலாவதியாக விட்டார்கள். அடுத்த ஆண்டே இளைய புஷ் ஆட்சியில், குடியரசுக் கட்சிப் பெரும்பான்மையோடு, மெடிகேரில் மருந்துச் செலவுத் திட்டம் ஈடு எதுவுமின்றி நுழைந்தது. பிரதிநிதிகள் அவையில் பெரும்பான்மை சேரும்வரை வாக்கெடுப்பை ஏறத்தாழ மூன்று மணி நேரம் திறந்தே வைத்திருந்தார்கள். 2010இல் ஈட்டு விதி சட்டமாக மீண்டும் வந்தது. வெட்டு வரும் நேரமெல்லாம் கணக்கை அழித்தோ தள்ளிவைத்தோ தப்பித்துக்கொள்கிறார்கள்.

பணப்பை யாருடையது

அமெரிக்க அரசியலமைப்பின் முதல் கூறு, ஒன்பதாம் பிரிவு: சட்டத்தால் ஒதுக்கப்பட்டாலன்றிக் கருவூலத்திலிருந்து பணம் எடுக்கக் கூடாது. பணப்பை நாடாளுமன்றத்துடையது என்பது கன்சர்வேடிவ் சிந்தனையின் அடித்தளம். 2023 ஜூனில் பைடனின் கல்விக்கடன் தள்ளுபடியை உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று ரத்து செய்ததைக் கன்சர்வேடிவ்கள் கொண்டாடியது இந்தக் காரணத்தால்தான். 40,000 கோடி டாலருக்கு மேற்பட்ட பணத்தை ஓர் அதிபர் தன் அமைச்சரின் ஆணையால் விட்டுக்கொடுக்க முடியாது.

அதே கோட்பாடு மறுபக்கமும் பொருந்தும். நாடாளுமன்றம் ஒதுக்கிய பணத்தைச் செலவழிக்காமல் நிறுத்திவைக்க நிக்சன் முயன்றதால் வந்ததுதான் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் இன்னொரு பகுதி. அதன்படி, ஒதுக்கீட்டை ரத்து செய்ய விரும்பும் அதிபர் காரணத்தோடு செய்தி அனுப்ப வேண்டும். 45 நாள் பணத்தை நிறுத்திவைக்கலாம். அதற்குள் இரு அவைகளும் ஒப்பாவிட்டால் விடுவிக்க வேண்டும். இதை முறைப்படி பயன்படுத்தி டிரம்ப் 2025 ஜூலையில் 900 கோடி டாலரை ரத்து செய்தார். 790 கோடி வெளிநாட்டு உதவி, 110 கோடி பொது ஒலிபரப்பு. அவைகள் வாக்களித்தன, சட்டமானது, சரி. ஆகஸ்ட் இறுதியில் நடந்தது வேறு. நிதியாண்டு முடிய 45 நாளுக்கும் குறைவாக இருக்கும்போது 490 கோடி டாலருக்குச் செய்தி அனுப்பினால், செப்டம்பர் 30 வந்ததும் ஒதுக்கீடு தானாகச் செத்துவிடும். அவைகள் வாக்களிக்கவே வேண்டாம். அரசின் தணிக்கை அமைப்பு இது சட்டவிரோதம் என்றது. உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்புச் சொல்லாமல், பணத்தை நிறுத்திவைக்க இடைக்காலமாக அனுமதித்தது.

வெளிநாட்டு உதவியில் வீண் செலவு உண்டு, வெட்டலாம். ஆனால் இந்தக் கதவைத் திறந்துவிட்டால் அடுத்த ஜனநாயகக் கட்சி அதிபர் ஆகஸ்ட் மாதத்தில் எல்லைக் காவல் ஒதுக்கீட்டை இப்படியே சாகடிக்கலாம். அளவையும் பாருங்கள். 2024இல் வட்டி நாளொன்றுக்குச் சுமார் 241 கோடி டாலர். ஜூலையில் அத்தனை ஆரவாரத்தோடு ரத்து செய்த 900 கோடி, நான்கு நாள் வட்டிக்குப் போதாது. இறக்குமதி வரியால் கடன் அடையும் என்பதும் இதே கணக்கில் விழுகிறது: 2025 நிதியாண்டில் சுங்க வருவாய் 19,500 கோடி அளவில் வந்தது, பற்றாக்குறை 1.8 லட்சம் கோடியை ஒட்டி நின்றது.

முதியோர் ஓய்வூதியம்: எண்கள் சொல்வது

எல்லோரும் தொட அஞ்சும் இடம் இதுதான். சம்பளத்தில் தொழிலாளியிடம் 6.2 சதவீதம், முதலாளியிடம் 6.2 சதவீதம் என்று 12.4 சதவீதம் பிடிக்கிறார்கள். 2025இல் ஆண்டுச் சம்பளம் 1,76,100 டாலர் வரைதான் இந்தப் பிடித்தம். அதற்கு மேல் சம்பாதிப்பதற்கு இல்லை. பிடித்த பணம் தனித்தனிக் கணக்கில் சேர்வதில்லை. இன்று வேலை செய்பவர் கட்டுவது இன்று ஓய்வு பெற்றவருக்குப் போகிறது. 1960இல் ஒரு பயனாளிக்கு ஐந்து பேர் கட்டினார்கள், இப்போது 2.7 பேர். 2010 முதல் வரிப் பிடித்தம் செலவுக்குப் போதவில்லை. முன்பு மிஞ்சியபோது சேர்த்த நிதியம் இருக்கிறது. அது கருவூலத்தின் சிறப்புப் பத்திரங்களாக இருக்கிறது. அதைப் பணமாக்கக் கருவூலம் வெளியே கடன் வாங்குகிறது.

2025ஆம் ஆண்டு அறங்காவலர் அறிக்கைப்படி முதியோர் நிதியம் 2033இல் தீரும். ஜூலை 4 வரிச் சட்டம் ஓய்வூதியத்தின் மீதான வரி வரவைக் குறைத்ததால் அது 2032 இறுதிக்கு நகர்ந்துவிட்டது என்று திட்டத்தின் தலைமைக் கணிப்பாளர் பின்னர் தெரிவித்தார். தீர்ந்ததும் என்ன ஆகும்? திட்டத்துக்குக் கடன் வாங்கும் அதிகாரம் கிடையாது. வருகிற வரிக்குள் கொடுக்க வேண்டும். அது 77 சதவீதம். மாதம் 2,000 டாலர் வாங்கும் முதியவருக்கு 1,540 டாலர். யாரும் வாக்களிக்காமல், ஏழை பணக்காரர் பாகுபாடின்றி, 85 வயதுக்காரருக்கும் அதே வெட்டு. கை வைக்க மாட்டோம் என்று இரு கட்சிகளும் தரும் வாக்குறுதியின் நடைமுறைப் பொருள் இந்த வெட்டுதான்.

தள்ளிப்போடுவதன் விலையும் அதே அறிக்கையில் உள்ளது. 75 ஆண்டுக்கு நிலைப்படுத்த இன்றே வரியை உயர்த்தினால் 3.65 சதவீதப் புள்ளி போதும். 2034 வரை காத்திருந்தால் 4.27 புள்ளி வேண்டும். வரியால் மட்டுமே அடைப்பது இளைய தொழிலாளிக்கு அநியாயம். ஓய்வு வயதைக் கூட்டுவது என்பது எந்த வயதில் வாங்கினாலும் தொகை குறைவது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்: 1960இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு முழுத் தொகை கிடைக்கும் வயது (முழு வயது) 67, 62இலேயே வாங்கினால் 30 சதவீதம் குறைவு, 70 வரை பொறுத்தால் 24 சதவீதம் கூடுதல். முழு வயதை 69 ஆக்கினால் மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவர் சமாளிப்பார். கூரை வேய்பவரும் சரக்கு இறக்குபவரும் சமாளிக்க மாட்டார்கள். இதனால் மேல்தட்டுச் சம்பளக்காரர்களின் தொடக்கத் தொகையைச் சம்பள உயர்வோடு இணைக்காமல் விலைவாசியோடு இணைப்பது முறையான தொடக்கம். அவர்களின் தொகை இன்றுள்ள வாங்கும் சக்தியில் நிற்கும், வருங்காலத்தில் பெருகாது. இத்துடன் வயது உயர்வை மெதுவாக, உடலுழைப்பு வேலைகளுக்கு விலக்கோடு வைக்கலாம். சம்பள உச்சவரம்பை ஓரளவு ஏற்றுவதும் இல்லாமல் 60 வாக்கு சேராது. இதைக் கன்சர்வேடிவ்கள் ஏற்கத்தான் வேண்டும்.

நேர்மாறாக நடந்ததும் உண்டு. 2025 ஜனவரி 5இல் பைடன் கையெழுத்திட்ட ஒரு சட்டம், தனி ஓய்வூதியம் உள்ள அரசு ஊழியர் சிலருக்கு இருந்த குறைப்பை நீக்கியது. பத்தாண்டில் 19,600 கோடி டாலர் செலவு, ஈடு கிடையாது. செனட்டில் 76க்கு 20 என்று இரு கட்சியும் சேர்ந்து நிறைவேற்றின. நிதியம் தீரும் நாள் அதனால் முன்னால் வந்தது.

அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை செய்யும் தமிழர்களுக்கு இதில் நேரடித் தொடர்பு இருக்கிறது. அவர்கள் சம்பளத்திலும் மெடிகேரோடு சேர்த்து 7.65 சதவீதம் போகிறது, முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். ஓய்வூதியத் தகுதிக்கு 40 காலாண்டுகள், அதாவது பத்தாண்டுப் பங்களிப்பு வேண்டும். ஒரு நாட்டில் கட்டியதை மறு நாட்டில் சேர்த்துக் கணக்கிடும் உடன்படிக்கையை அமெரிக்கா 30 நாடுகளோடு செய்துள்ளது. இந்தியா அதில் இல்லை. ஆறேழு ஆண்டில் ஊர் திரும்புபவர் கட்டிய பணம் அமெரிக்க முதியவர்களுக்குப் போனதோடு சரி.

சரிசெய்ய முடியும் என்பதற்குச் சாட்சி 1983. அப்போதும் நிதியம் தீரச் சில மாதங்களே இருந்தன. ரேகன் 1981 டிசம்பரில் ஆலன் கிரீன்ஸ்பான் தலைமையில் இருகட்சிக் குழு அமைத்தார். குடியரசுக் கட்சி அதிபரும் ஜனநாயகக் கட்சி அவைத்தலைவர் டிப் ஓ'நீலும் ஒருவரையொருவர் தேர்தல் மேடையில் தாக்குவதில்லை என்ற புரிதலோடு ஒப்புக்கொண்டார்கள். வரி உயர்வுகள் முன்கூட்டியே வந்தன, ஓய்வூதியத்தின் ஒரு பகுதிக்கு வரி வந்தது, முழு வயதை 65இலிருந்து 67க்குப் படிப்படியாக ஏற்ற முடிவானது. அந்த ஏற்றம் பல பத்தாண்டுகளில் மெதுவாக நடக்கும்படி வைக்கப்பட்டது. 1983 ஏப்ரல் 20இல் சட்டமானது. 2010இல் கடனைக் குறைக்க வழி தேடிய பவுல்ஸ்-சிம்ப்சன் இருகட்சிக் குழு 18 பேரில் 14 வாக்கு தேவை என்ற நிலையில் 11 மட்டுமே பெற்றுத் தோற்றது. 1983இல் கெடு நெருங்கியிருந்தது, 2010இல் கெடு தூரத்தில் இருந்தது. வேறுபாடு அவ்வளவே. ஆனால் கெடு வரும்வரை காத்திருந்தால் மெதுவாக ஏற்றும் வழி மூடிவிடும். சில மாதத்தில் 23 சதவீதத்தை அடைக்கக் கடன் ஒன்றே மிஞ்சும், அந்தக் கடனுக்கு மேலே சொன்ன வட்டி.

2026 நவம்பரில் தேர்ந்தெடுக்கப்படும் செனட்டர்களின் ஆறாண்டுப் பதவிக்காலம் 2033 ஜனவரி 3 வரை. நிதியம் தீரும் நாள் அவர்கள் காலத்துக்குள்ளேயே விழுகிறது. கன்சர்வேடிவ் வாக்காளர் ஒவ்வொரு வேட்பாளரிடமும் கேட்க வேண்டியவை இவை: முழு வயது என்ன, சம்பள உச்சவரம்பு என்ன, தொடக்கத் தொகை எதோடு இணையும், இவற்றுக்கு எதிர்க்கட்சியிலிருந்து யாரோடு சேர்ந்து கையெழுத்திடத் தயார்.